பொட்டிட்ட விளிம்புகள்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, விஜயதசமியன்று காலையில், புதுப்பட்டினத்தின் மேற்குக் கோடியில் உலகநாதனும் அவன் மனைவி ரேணுகாவும் நடத்திவந்த லேத் பட்டறையில், அனுப்புவதற்கு ஆயத்தமாக இருந்த இருபது எஃகு ஃபிளாஞ்ச்களில் பதினாறின் விளிம்பில் பொறிப்பு ஏதும் இல்லை என்பது தெரியவந்தது. முந்திய நாள் ஆயுத பூசை. பொறிப்பை அழித்தவள் உலகநாதனின் அக்கா வேண்டா. தான் அழித்தது இன்னதென்று அவளுக்குத் தெரியாது. வியாழக்கிழமை பரிசோதகர் வருவதாக இருந்தது.

இரண்டு குழாய்கள் சேருமிடத்தில் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தடித்த எஃகு வளையத்தைப் பற்றவைத்து, வளையங்களை முகத்தோடு முகம் பொருத்தி, போல்ட்டுகளால் இறுக்குவார்கள். அந்த வளையந்தான் ஃபிளாஞ்ச். அதன் விளிம்பில், செய்தவரின் முத்திரை, குழாயின் அளவு, அழுத்த வகுப்பு, எந்தத் தர விதிப்படி செய்தது, எந்த வகை எஃகு, அந்த எஃகு உலையில் எந்தத் தடவை உருக்கி எடுத்தது என்பதற்கான ஹீட் நம்பர் ஆகியவற்றை இந்த ஒழுங்கில் எழுத்துப் பஞ்சு என்னும் எஃகு அச்சால் அடித்துப் பொறிப்பது வழக்கம். உலகநாதன் கடைவான், ரேணுகா பொறிப்பாள். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் தரப்பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் அவள். ஓர் எழுத்து சாய்ந்து விழுந்தாலும் அன்று முழுவதும் அவளுக்கு மனம் சரியாக இராது.

அந்த இருபதும் ஒரே அளவு, ஒரே வகுப்பு. ஆறு அங்குலம், நூற்றைம்பது. எஃகு மட்டும் இரண்டு வகை. பாதி, வெந்நீர்க் குழாய்க்குப் போகும் ஏ 105. மீதிப் பாதி, கடுங்குளிரிலும் நொறுங்காமல் நிற்கும்படி பதப்படுத்திச் சோதித்த எல்எஃப் 2. இரண்டையும் அருகருகே வைத்தால் பெற்ற தாய்க்கும் வேற்றுமை தெரியாது. மறைமலைநகரிலிருந்து ஒரு குழாய் நிறுவனம் தந்த முதல் வேலை அது. இந்த வேலை நன்றாக முடிந்தால் பட்டறையின் பெயர் அந்த நிறுவனத்தின் நிரந்தரப் பட்டியலில் ஏறும். இரண்டு வகையையும் இரண்டு மரப்பலகைகளில் தனித்தனியே அடுக்கி, நடுவே ஆள் நடக்க இடம் விட்டிருந்தாள் ரேணுகா.

வேண்டா அந்த வீட்டுக்கு ஆடி மாதம் வந்தவள். கணவன் இறந்தபின் மதுராந்தகத்துப் பக்கம் மாமியார் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், ஒரு பையோடு வந்து இறங்கினாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு வைத்த பெயர் அது. அடுத்ததாகப் பிறந்தவன் உலகநாதன். பெயர் பலித்தது என்று ஊரில் சொன்னார்கள். அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகநாதன் ஒருநாளும் துணிந்ததில்லை.

சோறு போடும் வீட்டில் சும்மா உட்கார வேண்டாவுக்குத் தெரியாது. விடியுமுன் வாசல் தெளித்து, நெத்திலி ஆய்ந்து, பாத்திரம் துலக்கி, துலக்கிய பாத்திரத்தை வேறு வேறு இடத்தில் வைத்துவிடுவாள். கரண்டி தேடியே ரேணுகாவின் காலைப்பொழுது கழியும். வாய்திறந்து அவள் எதுவும் சொன்னதில்லை. சொல்லாததைத் தன் முகம் சொல்லிவிடுகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

பூசைக்கு முந்திய நாள் பிற்பகல், பூசணிக்காயும் பொரியும் வாங்கக் கணவனும் மனைவியும் சந்தைக்குப் போனார்கள். பருவமழை பெயருக்குத் தொடங்கியிருந்தது. மழை இல்லை, கடலிலிருந்து உப்புக்காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. எண்ணெய் தடவி வைத்த எஃகிலும் இரண்டே நாளில் செந்துரு பூக்கும் காலம் அது. வேண்டா பட்டறையைப் பெருக்கினாள், லேத்தைத் துடைத்தாள், ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவினாள். பிறகு ஃபிளாஞ்ச்களைப் பார்த்தாள். கம்பித் தூரிகையால் தேய்த்ததில் மேல்துரு போயிற்று. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்னப் பள்ளங்களில் துரு அடைந்து கிடந்தது. எவ்வளவு தேய்த்தும் அது வரவில்லை. தம்பி கிரைண்டரைப் பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். தேய்ப்பு டிஸ்க்கை மாட்டி, அந்த இடம் வெள்ளிபோல மின்னும் வரை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். டிஸ்க் தேய்ந்துபோனதால் நான்கு மட்டும் தப்பின. பின்னர் இருபதையும் இரண்டு பலகைகளிலிருந்தும் உருட்டிவந்து, சாமி படத்துக்கு முன் கொலுப் படிபோல அடுக்கி, மின்னிய இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

திரும்பிவந்த உலகநாதன் வாசலிலேயே நின்று பார்த்தான். பட்டறை கல்யாணக்கூடம் போலக் கீது என்று சொல்லிச் சிரித்தான். ரேணுகாவுக்கும் அன்று மகிழ்ச்சிதான். பலகைகள் காலியாக இருப்பதைக் கண்டு ஒரு கணம் முகம் சுளித்தாலும், பொறிப்பைப் படித்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பூசையன்று கருவிகளைத் தொடக் கூடாது. மறுநாள் காலை ஈரத்துணியால் முதல் பொட்டைத் துடைத்தபோது அடியில் வெறும் எஃகு இருந்தது. இரண்டாவதைத் துடைத்தாள். மூன்றாவதைத் துடைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

உலகநாதன் வந்து பார்த்தான். முதலில் அவன் செய்தது, சமையற்கட்டுப் பக்கமிருந்த கதவைச் சாத்தியது. அங்கே வேண்டா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட சொல்லாத ரேணுகா," என்றான். "சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? பையத் தூக்கினு போயிடும். பேரு வெச்ச நாள்லேருந்து அது அப்டித்தான் நெனச்சிகினு கீது, இந்த வூட்டுக்கு நாம வேணாதவதான்னு."

"சொல்லாம? பரிசோதனைக்கு வர்றவரு வெறும் விளிம்பப் பாத்தா இன்னா சொல்றது?"

"திரும்ப அடிச்சிடு."

எதை அடிப்பது என்று ரேணுகா கேட்டாள். எது ஏ 105, எது எல்எஃப் 2 என்று தன்னால் சொல்ல முடியும் என்றான் அவன். ஒரு வகையைக் கடைந்தபோது வெட்டுமுனை புதிது; முகத்தின் வரிகளைப் பார்த்தாலே தெரியும்.

"நான் கடைஞ்ச மாலு எனக்குத் தெரியாதா?"

ரேணுகா மறுக்கவில்லை. பொறிப்புத் தப்பிய நான்கையும் மேசைமேல் வைத்தாள். அவற்றில் ஒன்றுதான் எல்எஃப் 2. அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, இடம் மாற்றி, விளிம்புகளைப் பழந்துணியால் சுற்றினாள். அவன் வந்து முகத்தின் வரிகளை நகத்தால் வருடினான், ஸ்பேனரால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான், மூன்றாவதைத் தொட்டான். துணியை விலக்கினாள். ஏ 105.

"வெளிச்சம் பத்தல. மறுக்கா வையி."

மறுமுறையும் தவறியது. அதற்கடுத்த முறை சரியாகத் தொட்டுவிட்டுச் சிரித்தான். ரேணுகா சிரிக்கவில்லை.

"மூணு தபாவுல ஒண்ணு. இத நம்ம வூட்டுப் பூனை தொட்டாலும் வரும்."

அன்று வீட்டில் விஜயதசமிச் சமையல். வடையும் பாயசமும் செய்து பரிமாறிய வேண்டா, இருவரும் பேசாமல் சாப்பிடுவதைப் பார்த்து, பாயசத்தில் வெல்லம் கூடிவிட்டதோ என்று இரண்டுமுறை கேட்டாள். சரியாகத்தான் இருக்கிறது என்று இரண்டுமுறையும் உலகநாதனே சொன்னான்.

புதன்கிழமை பிற்பகல் பேச்சு மீண்டும் தொடங்கியது. பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் பட்டறை பழையபடி டிராக்டர் பின், படகு எஞ்சின் புஷ் போன்ற சில்லறை உதிரிகளைக் கடைந்துகொண்டிருக்க வேண்டியதுதான் என்றான் உலகநாதன். பாதிக்குப் பாதி சரியாகத்தான் இருக்கும், இரண்டும் ஒரே இரும்புதானே, குழாய் நிறுவனங்களில் இதைவிட எவ்வளவோ நடக்கிறது என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, வேண்டுதல்தான் இருந்தது. ரேணுகாவை அசைத்தது அதுதான். அக்காவுக்காக அவன் கேட்கிறான் என்பதும், அந்த அக்காவுக்குத் தன் முகம் மூன்று மாதமாக எதைச் சொல்லிவந்தது என்பதும் அவளுக்கு அப்போது ஒருசேர உறைத்தன. பஞ்சுப் பெட்டியைத் திறந்தாள்.

முதல் ஃபிளாஞ்சைத் தாங்கியில் நிறுத்தி, சுண்ணக்கட்டியால் நேர்கோடு இழுத்து, பட்டறை முத்திரையை அடித்தாள். அது உண்மை. ஆறு என்ற எண்ணை அடித்தாள். அளந்து பார்த்தால் தெரியும், அதுவும் உண்மை. நூற்றைம்பதை அடித்தாள். போல்ட் துளை எட்டு. முந்நூறாக இருந்தால் பன்னிரண்டு இருக்கும். தர விதியின் எண்ணையும் அடித்தாள். அதன்பிறகு எஃகின் பெயர். பெட்டியிலிருந்து 'எல்' எழுத்தை எடுத்து விளிம்பின்மேல் நிறுத்தினாள். சுத்தியல் வலக்கையில் இருந்தது. லேத் ஓடவில்லை. உலகநாதன் அதன் பக்கத்தில் நின்று, துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்நேரத்தில் வேண்டா டீ கொண்டுவந்தாள். தம்பிக்கு ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, மற்றதை ரேணுகாவின் அருகே வைக்கக் குனிந்தவள், புதிதாக விழுந்திருந்த எழுத்துகளைப் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"இந்த எடத்துலதான நானு தேச்சேன்?"

ரேணுகா சுத்தியலைத் தாங்கியின் அருகே வைத்தாள்.

"முன்னயும் இங்க எழுத்து இருந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா," என்றான் உலகநாதன். "நீ உள்ள போயி…"

"நீ சும்மா இரு நைனா. நானு ரேணுகாவ கேக்கறேன்."

ரேணுகா பஞ்சைக் கீழே வைத்தாள். "இருந்துச்சு அண்ணி."

"எல்லாத்துலயுமா?"

"நாலு தப்பிச்சுது. மத்ததுல எல்லாம்."

வேண்டா முக்காலியில் உட்கார்ந்தாள். "துருன்னுதான் நெனச்சேன். பள்ளத்துல பூந்துகினு வரவே மாட்டேன்னுச்சு. சாமி முன்னால வெக்கிறது, அழுக்கா இருக்கக் கூடாதுன்னு டிஸ்க்க போட்டேன்." சற்று நிறுத்திவிட்டு, "சரி, திரும்பத்தான் அடிக்கிறியே. இன்னும் இன்னா ரெண்டு பேரும் எழவு வூடு மாதிரி நின்னுகினு கீறீங்க?" என்று கேட்டாள்.

ரேணுகா சொன்னாள். அளவை அளக்கலாம், துளையை எண்ணலாம், எஃகின் வகையை மட்டும் பார்த்தோ தட்டியோ அறிய முடியாது. அடுத்த எழுத்தை அடித்தால் அது தெரியாமல் அடிக்கும் எழுத்து.

"நூத்தம்பதுன்னு போட்டுகிறியே, நூத்தம்பது கிலோ தாங்குமா?"

"கிலோவும் இல்ல, பவுண்டும் இல்ல அண்ணி. அது வகுப்புப் பேரு. எவ்ளோ தாங்கும்ங்கறது இரும்பையும் சூட்டையும் பொறுத்தது. அதான் இரும்பு இன்னாதுன்னு எழுதறது."

"எங்க போவுது இதெல்லாம்?"

"பாதி வெந்நி லைனுக்கு. பாதி எறா கம்பெனிக்கு. கோல்ட் ஸ்டோரேஜ்ல அமோனியா லைன்."

வேண்டா தலையைத் தூக்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆறேழு ஆண்டுகள் அவள் ஓர் இறால் பதப்படுத்தும் கூடத்தில் தோலுரிக்கும் வேலை பார்த்தவள். பனிக்கட்டித் தண்ணீரில் விரல் மரத்து, நகத்தின் ஓரம் வெந்ததுபோல வெளுத்துவிடும். ஒருநாள் சாப்பாட்டு வேளைக்கு முன் குழாய் இணைப்பொன்று கசிந்தது. மூத்திர நெடி ஆயிரம் மடங்கானால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நெடி. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஈரத்துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி ஆராயி வழுக்கும் தரையில் விழுந்துவிட்டாள். பிழைத்தாள். ஆனால் அதன்பின் அவள் மூச்சு விசில்போலத்தான் வந்தது. வரப்பில் நடந்து வந்தால், ஆள் தெரியுமுன் மூச்சு கேட்கும். இதை அந்த வீட்டில் யாரிடமும் வேண்டா சொன்னதில்லை. இப்போது இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"அந்த எழுத்த அடிக்காத ரேணுகா," என்றாள்.

"அந்தக் கம்பெனில கசிஞ்சதுக்கு வேற காரணம் இருக்கும்க்கா," என்றான் உலகநாதன். "இது ஒண்ணும் ஆவாது. பாதிக்குப் பாதி சரியாத்தான் இருக்கும்."

"பாதிக்குப் பாதின்னா, ஆராயிக்கு எந்தப் பாதி?"

அவன் டம்ளரை லேத்தின்மேல் வைத்தான். வேண்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மனசுல வெச்சிகினுதான இத செய்யச் சொல்ற?"

அவன் துணியை எடுத்து மீண்டும் கையைத் துடைத்தான்.

"நானு எங்கயும் போ மாட்டேன்டா. திட்டணும்னா திட்டு. ரெண்டு நாளு அழுவேன், அப்புறம் மீனு ஆய ஒக்காந்துடுவேன். ஆனா என் பேர சொல்லி இத அடிச்சீங்கன்னா, அன்னிக்குப் போயிடுவேன்."

"திட்டல அண்ணி," என்றாள் ரேணுகா. "கரண்டிய மட்டும் எடுத்த எடத்துல வெச்சிடுங்க."

வேண்டா ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "இத ஆடியிலயே சொல்லியிருந்தா இன்னா? நாக்குல பஞ்சு போட்டு அடிச்சி வெச்சிருந்தியா?"

உலகநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வெளியே போய், கடற்கரை வரை நடந்துவிட்டு, ஒரு கிலோ சங்கரா மீனோடு திரும்பினான். அன்றைய குழம்பில் மாங்காய் போடலாமா கூடாதா என்று அக்காவும் தம்பியும் வெகுநேரம் வாதிட்டார்கள். வேறு எதையும் பேசவில்லை.

வியாழக்கிழமை முற்பகல் பரிசோதகர் சாலமோன் மோட்டார்சைக்கிளில் வந்தார். ஐம்பதை நெருங்கியவர், சொந்த ஊர் செங்கல்பட்டு. சட்டைப்பையில் உருப்பெருக்கியும் எஃகு அளவுகோலும் வைத்திருப்பார். மேசைமேல் நான்கு ஃபிளாஞ்ச்களும் தரையில் பதினாறும் தனித்தனியே இருந்தன. அவர் ஏதும் கேட்குமுன் ரேணுகா நடந்ததை வரிசை தவறாமல் சொன்னாள். அக்காவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, பூசைக்காகத் துப்புரவு செய்தபோது பொறிப்பு அழிந்தது என்றாள்.

சமையற்கட்டுக் கதவில் நின்றிருந்த வேண்டா முன்னே வந்தாள். "நான்தான் சார் தேச்சேன்."

சாலமோன் அவளைப் பார்த்தார். "யாரு தேச்சாங்கன்னு எழுத என் ரிப்போர்ட்டுல கட்டமே இல்லம்மா. பொறிப்பு இருக்கா இல்லையா, அவ்ளோதான் கட்டம்."

வெட்டாமல் சோதிக்க வழி உண்டா என்று உலகநாதன் கேட்டான். இல்லை என்றார். கையில் பிடிக்கும் கருவிகள் இந்த இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லமாட்டா. துண்டு வெட்டி, கடுங்குளிரில் வைத்து, அடித்து உடைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை உடைத்தால் அந்த ஒன்றைப் பற்றித்தான் தெரியும். பக்கத்திலிருப்பதைப் பற்றித் தெரியாது. உடைத்த ஃபிளாஞ்சைக் குழாயில் மாட்டவும் முடியாது.

"ஏ 105னு போட்டு வெந்நி லைனுக்காவது குடுக்கலாமா சார்?"

"ஹீட் நம்பர் இல்லாம எந்த சர்ட்டிபிகேட்டோட சேக்கறது? அப்பன் பேரு தெரியாத பசங்க அண்ணாத்த இதுங்க எல்லாம்."

சாலமோன் நான்கையும் உருப்பெருக்கியால் படித்து, அளந்து, சரி என்றார். வேண்டா டீ கொடுத்தாள். அவர் புறப்படும்போது, உலகநாதன் மோட்டார்சைக்கிள் வரை கூடவே போனான்.

"சார், ஒண்ணு கேக்கறேன். அடிச்சி வெச்சிருந்தா?"

சாலமோன் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டார்.

"அடிச்சி வெச்சிருந்தா கையெழுத்து போட்டுட்டுப் போயிருப்பேன். பாத்தா தெரியாதே."

உலகநாதன் உள்ளே வந்து பஞ்சுப் பெட்டியை மூடி, அது எப்போதும் இருக்கும் அலமாரித் தட்டில் வைத்தான்.

முடிவில் தீர்மானமானவை இவை. குழாய் நிறுவனம் நான்கு ஃபிளாஞ்ச்களை ஏற்றது; பதினாறைத் தள்ளியது. பட்டறையின் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறவில்லை. இன்னொரு சிறிய வேலையைத் தந்து பார்ப்பதாகவும், அதில் பொறிப்பு தொடங்குமுன்பே பரிசோதகர் ஒருமுறை வருவார் என்றும் தை மாதத்தில் தெரிவித்தார்கள். அந்த வேலை வந்தது. அதுமுதல் எந்த எஃகும் லேத்தில் ஏறுமுன் வேண்டா அதன் எண்ணை வாய்விட்டு ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க வேண்டும், ரேணுகா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆயுத பூசையில் பொட்டு கருவிகளுக்கு மட்டுமே. விற்பனைக்கு உள்ள பொருள் பூசையன்று தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும்.

தள்ளப்பட்ட பதினாறையும் பழைய இரும்பாக விற்றால் யாராவது வாங்கி எழுத்தடித்துக் குழாயில் மாட்டிவிடக்கூடும் என்று ரேணுகா சொன்னாள். ஆகவே ஒவ்வொன்றின் முகத்திலும் நடுத்துளை முதல் விளிம்பு வரை குறுக்கே ஆழமாக ஒரு கோடு வெட்டுவது என்று முடிவாயிற்று. அப்படி வெட்டியது எந்த இணைப்பிலும் கசியாமல் நிற்காது. அதைத் தானே செய்வதாக வேண்டா சொன்னாள். புது டிஸ்க் மாட்டி, பதினாறிலும் வெட்டினாள். பதினைந்தை மாமல்லபுரம் கடற்கரையில் குடைபோட்டுக் கடை நடத்துபவர்கள் அடிப்பாரத்துக்காக வாங்கிச் சென்றார்கள். பாதிவரை எழுத்தடித்து நிறுத்திய ஒன்று பட்டறையில் இருக்கிறது. மழைக்காலத்தில் தார்ப்பாய் பறக்காமல் அதன் ஓரத்தில் அதைத்தான் வைக்கிறார்கள்.